பதினோரு வீடும் ஒரு செங்கல்லும்

அன்புள்ள சுவேதாவுக்குச் சின்னம்மா எழுதுவது. நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சண்டிகர் குளிரும் நைட் டியூட்டியும் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் காலையில் விளக்கேற்றும்போது எங்கள் இருவர் வேண்டுதலும். போனிலேயே பேசிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பூங்கொடிக்குப் போன் செய்வாய், அது எனக்குத் தெரியும். கடிதத்தில் அந்த வசதி இல்லை, கடைசிவரை என்னிடம்தான் நீ இருந்தாக வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூல் வராந்தாவில் கழிப்பறைக் கூட்டம் நடந்ததே, அன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். 'இரண்டு குழியையும் சேர்த்துத் திறக்கக் கூடாது, ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு ஒன்றை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும்.' அவ்வளவுதான். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உன் அம்மா போன பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. உன் தலையில் பேன், வயிற்றில் பூச்சி, நகமெல்லாம் கருப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னை வாசல்படியில் உட்கார வைத்து நகம் வெட்டினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன், குடத்துக்குள் கையை விட்டு மொள்ளாதே என்று பிடி நீளமான கரண்டி வாங்கி மாட்டினேன். தேன்கனிக்கோட்டை லைப்ரரியில் உடல்நலம் பற்றி இருந்த புத்தகம் எல்லாவற்றையும் படித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன், மற்றவர்கள் எடுத்த அடையாளமே அட்டையில் இருக்காது. சாணத்தில் உட்கார்ந்த ஈ சோற்றில் வந்து உட்காரும் வரைக்குமான வழியைப் படமாக வரைந்து உனக்கும் காட்டினேன், மகளிர் குழுவிலும் காட்டினேன். நீ சிரித்தாய். குழுவில் ருக்மணி பெரியம்மா, இவளுக்கு எதப் பாத்தாலும் கிருமி, இவ வீட்ல சாமிக்குக்கூட சோப்புப் போட்டுத்தான் கற்பூரம் காட்டுவா போல என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு எல்லாரும் வழக்கம்போலக் கோஸ் தோட்டத்துப் பக்கம்தான் போனார்கள்.

பிறகு பூங்கொடி வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், புருஷன் ஆனந்த் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான் என்று வாய்க்காலோரத்து லைன் வீட்டில் குடிவந்தவள், படிப்பு பிளஸ் டூ. ஆறு மாதத்தில் ஊரில் எல்லாரையும் முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அந்த வருஷம்தான் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் நம் பக்கம் இறங்கின. விடிகாலையில் ஒதுங்கப் போன ருக்மணி பெரியம்மா ராகிக் காட்டில் யானையை நேருக்கு நேர் பார்த்து, கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தது உனக்கு மறந்திருக்காது. நாங்கள் எல்லாம் பெரியம்மாவுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது பூங்கொடி போய் அந்தச் சொம்பைத் தேடி எடுத்து வந்தாள். யானை மிதித்து அது தட்டு மாதிரி ஆகியிருந்தது. அடுத்த கூட்டத்தில் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இந்தச் சொம்ப நல்லாப் பாத்துக்கங்கக்கா. இந்தத் தடவ சொம்பு போச்சு, அக்கா தப்பிச்சாக. அடுத்த தடவ சொம்பு தப்பிச்சு அக்கா போயிட்டா என்ன பண்ணுவீக?" பெரியம்மாவே விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரமே பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கழிப்பறைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் நான் வரைந்த ஈயால் முடியாததை ஒரு நசுங்கிய சொம்பு முடித்துவிட்டது. அவள் கிருமி என்ற வார்த்தையையே சொல்லவில்லை, பார்த்தாயா. எனக்கு அது பொறுக்கவில்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் அவளைத் தூய்மை ஊக்குநர் ஆக்கினார்கள், கழுத்தில் அட்டை மாட்டினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நர்சிங் சேரப் போகிறேன் என்று நீ அப்பாவிடம் சொன்ன அன்று, யார் சொல்லி இந்த ஆசை வந்தது பாப்பா என்று அவர் கேட்க, பூங்கொடி அக்காவப் பாத்துத்தான்பா என்றாய். நான் அடுப்படியில் உனக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கூட்டம். குழி தோண்டி உறை இறக்கியாகிவிட்டது, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு குழி, நடுவில் ஒரு சின்னச் சேம்பர், கழிப்பறைக் குழாய் அங்கே வந்து இரண்டு கிளையாகப் பிரிகிறது. யூனியன் ஆபீஸில் கொடுத்த சிறு புத்தகம் ஊக்குநருக்கு ஒன்றும் குழுவுக்கு ஒன்றுமாக வந்திருந்தது, குழுவின் பிரதியை வழக்கம்போல நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை படித்திருந்தேன். ஒரு கிளையை அடைத்து வைக்க வேண்டும், ஒரு குழி நிறைந்ததும் கல்லை இந்தப் பக்கம் மாற்றிவிட்டால் நிறைந்த குழி இரண்டு வருஷம் சும்மா கிடந்து நாற்றமில்லாத மண்ணாகிவிடும், பிறகு மண்வெட்டியால் அள்ளி எடுத்துச் செடிக்குப் போடலாம், இப்படியே மாறி மாறி எத்தனை வருஷமும் ஓடும். படம் போட்டு எழுதியிருந்தது. கொத்தனார் சென்றாயன்தான் எழுந்து கேட்டார், ரெண்டு குழி தோண்டிக்கினு ஒன்ன எதுக்கு சும்மா போடணும், ஊட்டுக்காரங்க எல்லாம் ரெண்டையும் தொறந்து உட்டுடுங்கறாங்க, இன்னா செய்யட்டும் என்று. கூட்டத்தில் எல்லாருக்கும் அதே எண்ணம். ரெண்டு மாடு வாங்கி ஒன்றை மட்டும் கறப்பார்களா என்று யாரோ கேட்டார்கள். பூங்கொடிக்குப் பதில் தெரியவில்லை. அவள் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ரெண்டும் தொறந்திருந்தா மெதுவா நெறையும், நல்லதுதான என்று இழுத்தாள். இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீங்க படிச்சவுக, சரிதானக்கா என்று கேட்கவும் செய்தாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய நோட்டில் அவள் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தாய், உன் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண், வீட்டில் என் தோளில் ஒருநாளும் சாய்ந்ததில்லை. நான் மடியிலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

நான் சரி என்று சொல்லவில்லை. ரொம்ப நாள் இதையே ஒரு நியாயமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் செய்த மற்றொரு காரியத்துக்கு எந்த நியாயமும் இல்லை. சென்றாயன் வேலையை முடித்துவிட்டுப் போன மறுநாள், அப்பா தக்காளி லோடோடு ஓசூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார், நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். நான் கடப்பாரையால் சேம்பர் மூடியை நெம்பித் தூக்கி, ஒரு செங்கல்லையும் ஒரு பிடி சிமெண்ட்டையும் வைத்து நம் வீட்டுக் கிளையில் ஒன்றை அடைத்தேன். நம் வீடு ஒன்று மட்டும் சரியாக இருந்தது, மற்ற பதினோரு வீடும் தப்பாக இருந்தது. ஒன்றரை வருஷத்தில் அந்தக் குழி நிறைந்ததும் கல்லை மாற்றி வைத்தேன். போன சித்திரையில் பழைய குழியைத் திறந்து மண் எடுத்தேன், புத்தகத்தில் எழுதியிருந்தபடியே கருப்பாக, உதிரியாக, மழை பெய்த தோட்டத்து வாசனையோடு இருந்தது. நீ லீவில் வந்தபோது ரோஜாவுக்கு என்ன சின்னம்மா போட்டாய், இப்படிப் பூத்திருக்கிறதே என்று கேட்டாய். சும்மா மண்தான் என்றேன். அந்தப் பூவைப் பறித்து நீ பூங்கொடிக்குக் கொண்டுபோனாய்.

இடையில் நான்கு வருஷம் இருந்ததே, ஒருநாள்கூடச் சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்பாய். தோன்றாத நாளே இல்லை. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் பதினோரு கல்லோடு முடிந்திருக்கும். ஒரு மாதம் போன பிறகு, அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து குறுக்கே நின்றுகொண்டது. அது தவிர, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு காத்திருப்பும் இருந்தது. என்றைக்காவது அந்தக் குழிகள் நிறையும், அன்றைக்கு ஊர் அவளைப் பார்த்துக் கேட்கும், அப்போது என் வீட்டை வந்து பார்க்கட்டும் என்று. குழந்தை குட்டிகள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு, இத்தனை படித்துவிட்டு, நான் காத்திருந்தது அதற்குத்தான்.

இந்தக் கார்த்திகை மழையில் அது நடந்தது. ஒரே வாரத்தில் பதினோரு வீட்டிலும் தண்ணீர் ஊற்றினால் இறங்கவில்லை, ஊற்றியது திரும்பி மேலே வந்தது. மாற்றிவிட இன்னொரு குழி இல்லை, அதுவும் நிறைந்திருந்தது. செப்டிக் டேங்க் லாரிக்காரன் சேற்றில் வண்டி இறங்காது என்று சொல்லிவிட்டான். ஆண்கள் பட்டப்பகலில் மோட்டார் போட்டு இறைத்து வாய்க்காலில் விட்டார்கள். அது கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் வரும் வாய்க்கால், கரையில் லைன் வீடுகள், லைன் வீட்டுக்காரர்கள் குடிக்கும் அடிபம்பு அதிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை. நான் மாடியில் துணி எடுக்கப் போனவள் அதைப் பார்த்தேன். இறங்கி ஓடிப்போய், இன்றைக்கு அந்தப் பம்புத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். அந்த மட்டுக்கும் வாய் திறந்தது. பூங்கொடியின் வீடு பூட்டியிருந்தது, அவள் லாரிக்குச் சொல்ல யூனியன் ஆபீஸுக்குப் போயிருந்தாள். பையன் அழகர்சாமி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான், அவனுக்கு மூன்று வயது. நான் போவதற்குள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தான்.

மூன்று குழந்தைகளுக்கு வாந்திபேதி. இரண்டு பேருக்கு நர்சம்மா கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்திலேயே சரியாகிவிட்டது. அழகர்சாமிக்குக் கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல் ஆகிவிட்டது. ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த மூன்று நாளில் நீ அவளுக்கு ஏழு தடவை போன் செய்தாய், எனக்கு ஒரு தடவை, அதுவும் அக்கா போன் எடுக்கவில்லையே, பார்த்தாயா சின்னம்மா என்று கேட்க. எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊருக்குள் எல்லாரும் அவளைத்தான் பேசினார்கள். யானைக்குப் பயந்து இவ பேச்சக் கேட்டோம், யானை ஒரு தடவதான் மிதிச்சுது, இவ தினம் மிதிக்க வெச்சுட்டா என்று பெரியம்மா சொன்னார். நான்கு வருஷம் நான் காத்திருந்த பேச்சு அது. கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது, நம் வீட்டில் மட்டும் எப்படி இறங்குகிறது, இருப்பது இரண்டு பேர் என்றாலும் தக்காளி பறிக்க வரும் ஆட்கள் பத்துப் பேரும் அங்கேதானே போகிறார்கள் என்று. சென்றாயனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவும் வீட்டில் இருந்தார். சேம்பர் மூடியைத் தூக்கியதும் சென்றாயன் குனிந்து பார்த்துவிட்டு, இது நான் வெச்ச கல்லு இல்லியே என்றார். கொத்தனாருக்குத் தன் பூச்சு தெரியும். அவரே வைத்துவிட்டு மறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம், அப்பா வைத்ததாகச் சொல்லியிருக்கலாம். நான்தான் வைத்தேன் என்றேன். எப்போது என்றார்கள். நீங்கள் வேலை முடித்த மறுநாள் என்றேன். பிறகு சென்றாயன் சிரித்துவிட்டு, "நீ அப்பவே சொல்லியிருந்தாலும் நாங்க கேட்டிருக்க மாட்டோம்மா, உடு" என்றார். பெரியம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குக் கிடைத்த மன்னிப்பு அதுதான். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக யாரும் என்னைப் பேசியதில்லை. கூடவே, இவளுக்குத்தான் விஷயம் தெரியுது, இனிமே ஊக்குநர் வேலைய இவளே பாக்கட்டும் என்றும் பெரியம்மா சொன்னார். அப்பா மூடியை எடுத்து மூடிவிட்டுக் கை கழுவினார். சாப்பிட்டு முடித்த பிறகு, பாப்பாவுக்கு நீயே எழுதிடு, வேற யாரும் சொல்லி அவளுக்குத் தெரிய வேணாம் என்றார்.

மறுநாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் போனபோது பூங்கொடி உன்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பயப்படாதீங்கக்கா, மூத்திரம் போகுதான்னு மட்டும் பாத்துக்கினே இருங்க என்று உன் குரல் கேட்டது. அத்தனை பக்குவமான குரல் உனக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. நீ வைக்கும் வரை வார்டுக்கு வெளியே நின்றேன். பிறகு போய், சுற்றி வளைக்காமல் கல்லைப் பற்றிச் சொன்னேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான், சலைன் ஏறிய கை பொம்மையின் கை மாதிரி வீங்கியிருந்தது. அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "அன்னைக்கு நான் ஒங்களப் பாத்துத்தானக்கா கேட்டேன்" என்றாள். அதை இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் கொண்டுபோயிருந்த வெந்நீர் பிளாஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டாள், பையனுக்கு அதைத்தான் கொடுத்தாள். கிளம்பும்போது, சுவேதாகிட்ட நான் சொல்ல மாட்டேங்கக்கா, ஒங்க புள்ள ஒங்களத் தப்பா நெனைக்க வேணாம் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது நன்றியாக இருந்திருக்க வேண்டும் இல்லையா. எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னை எனக்கு விட்டுக்கொடுக்க அவள் யார்? நான் நகம் வெட்டி வளர்த்த பிள்ளையை அவள் எனக்குத் தானமாகத் தருகிறாளா? இரண்டு நாள் அந்தக் கோபத்திலேயே இருந்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அவள் பெரிய மனசு வைத்துச் சொல்லாமல் இருந்து, அதனால் நீ என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பதைவிட, நான் சொல்லி நீ என்னை வெறுத்தால் அதாவது எனக்கும் உனக்கும் நடுவில் மட்டும் இருக்கும். இதிலும் பொறாமைதான் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு எழுத வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இப்போது எனக்கு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். வார்டில் யாராவது தப்பாக மருந்து எடுத்தாலோ தப்பாக ஏதாவது சொன்னாலோ, அவர்களை உனக்குப் பிடிக்கும் பிடிக்காது என்று பார்க்காமல் அந்த நிமிஷமே வாயைத் திற. எல்லாருக்கும் முன்னால் சொல்லச் சங்கடமாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல். பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, டியூட்டி முடிந்து வந்ததும் காலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள். பருப்புப் பொடியும் ராகி மாவும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஈரக் கரண்டியை உள்ளே போடாதே. வாரம் ஒருநாளாவது அப்பாவோடு பேசு, அவர் சொல்லமாட்டார், போன் அடித்தால் முதலில் உன் பெயர் வருகிறதா என்றுதான் பார்க்கிறார். என்னோடு பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேசினால் சந்தோஷம்.

நீ தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் கைக்கு அந்த ராசி கிடைக்கட்டும். பெற்றவள் மேலே இருந்து உன்னைப் பார்த்துக்கொள்வாள், கீழே இருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்ட மறக்காதே.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
மணிமேகலை

பி.கு: இதை எழுதி முடித்து எட்டு நாள் அலமாரியில் வைத்திருந்தேன், இன்றுதான் தபாலில் போடுகிறேன். அழகர்சாமி நலமாக வீட்டுக்கு வந்துவிட்டான். பதினோரு வீட்டுக் குழியையும் லாரி வைத்து எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளையைச் சென்றாயன் அடைத்துவிட்டார், நான் கூடவே நின்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூங்கொடியும் ஆனந்தும் வீட்டைக் காலி செய்துகொண்டு உசிலம்பட்டிக்கே போய்விட்டார்கள். திங்கட்கிழமை அவளுடைய அட்டையையும் நோட்டையும் பெரியம்மா கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.